மின்சார ஸ்போர்ட்ஸ் கார் வாங்க முன்: கொழும்பில் அளந்து பார்க்க வேண்டியவை

2024இல் புதுப்பிக்கப்பட முன் வந்த போர்ஷே டைக்கான் டர்போ எஸ் நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை 2.8 விநாடியில் பிடிக்கும். எம்ஜி சைபர்ஸ்டரின் இரட்டை மோட்டர் வகைக்கு 3.2 விநாடி, ஹூண்டாய் அயோனிக் 5 என்னுக்கு 3.4 விநாடி. இந்த இலக்கங்களைப் பார்த்துத்தான் ஆசை பிறக்கிறது, அதில் தப்பில்லை. ஆனால் நம் வீதிகளில் சட்ட வேகம் ஊருக்குள் 50, வெளியே 70, அதிவேக நெடுஞ்சாலையில் 100. இந்த எல்லைக்குள்தான் வண்டி உங்களுக்குச் சந்தோஷம் தர வேண்டும். அதோடு, வாங்கிய பிறகு மனம் நொந்து விற்பவர்கள் வேகம் போதாமல் விற்பதில்லை. கேட் வாசலில் அடி உரசுகிறது, வீட்டில் சார்ஜ் ஏறவில்லை, பிளக் பொருந்தவில்லை என்றுதான் விற்கிறார்கள். எனவே அந்த வரிசையிலேயே போவோம்.

கேட் வாசல்

மின்சார வண்டியின் வயிறு முழுக்கப் பற்றரி. பெற்றோல் வண்டியில் எஞ்சின் எண்ணெய்த் தொட்டி அடிபட்டால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். பற்றரிப் பெட்டி நசுங்கினால் உள்ளே செல்லுக்கு அடி பட்டதா என்று திறக்காமல் சொல்ல முடியாது, திறக்கத் தெரிந்த இடமும் இங்கே மிகச் சில. அதனால் சிறிய நசுங்கலுக்கே முழுப் பற்றரியையும் மாற்றச் சொல்லும் நிலை வரும்.

இங்கே தரை இடைவெளி மட்டும் கணக்கில்லை, முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் உள்ள தூரமும் சேர்ந்துதான் கணக்கு. டைக்கானின் சில்லு இடைத்தூரம் 2,900 மி.மீ., மாஸ்டா எம்எக்ஸ்-5இன் தூரம் 2,310 மி.மீ. இரண்டும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நின்றாலும், வேகத்தடையின் முதுகில் முதலில் தட்டுவது டைக்கான்தான்.

விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை, நீங்களே அளந்து பாருங்கள். வளையாத அலுமினியப் பெட்டிச் சட்டம் ஒன்றை, வாங்க நினைக்கும் வண்டியின் சில்லு இடைத்தூரத்துக்குச் சரியாக வெட்டுங்கள். இரண்டு முனையிலும் ஒவ்வொரு மரக்கட்டையைக் கால் போலப் பொருத்துங்கள். கட்டையின் உயரம், தயாரிப்பாளர் சொல்லும் தரை இடைவெளியை விட 20 மி.மீ. குறைவாக இருக்கட்டும். நான்கு பேர் ஏறி, வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி எழும்போது ஸ்பிரிங் அமுங்குவதற்காக விடும் கணக்கு அது. இந்தச் சட்டத்தை வண்டி போகும் திசையில் உங்கள் கேட் மேட்டின் மேல், தொடர்மாடி என்றால் நிலக்கீழ் தரிப்பிடச் சரிவின் உச்சியில், மெதுவாக நகர்த்துங்கள். நடுச் சட்டம் சீமெந்தைத் தொட்டால் வண்டியும் தொடும். வேலைத்தளம், அம்மா வீடு, வழக்கமாகப் போகும் கோயில் ஒழுங்கை என்று தினமும் ஏறி இறங்கும் எல்லா மேடுகளிலும் வைத்துப் பாருங்கள்.

முன் பம்பரின் கீழ் உதட்டுக்கு வேறு கணக்கு. முன் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து உதட்டு நுனி வரை 700 மி.மீ., உதட்டின் உயரம் 140 மி.மீ. என்றால் விகிதம் ஐந்துக்கு ஒன்று. ஐந்தடி நீளத்தில் ஓரடிக்கு மேல் ஏறும் சரிவு அந்த வண்டிக்கு ஆகாது. வீதியில் உள்ள தடையைச் சாய்வாக ஏறித் தப்பலாம், இரு பக்கமும் சுவர் உள்ள தரிப்பிடச் சரிவில் அது நடக்காது. காற்று சஸ்பென்ஷன் உள்ள டைக்கானை 20 மி.மீ. வரை உயர்த்த முடியும் என்பதால், இரண்டாம் கைக்குப் பார்ப்பவர்கள் காற்று சஸ்பென்ஷன் இல்லாத வண்டியை மலிவு என்பதற்காக எடுக்க வேண்டாம்.

மீற்றர் பெட்டி

கொழும்பில் பெரும்பாலான வீடுகளுக்கு உள்ளது ஒற்றை பேஸ் 30 அம்பியர் இணைப்பு. 230 வோல்ட்டில் அது 6.9 கிலோவாட். 32 அம்பியர் சுவர்ச் சார்ஜரை அதில் மாட்டினால், குளிரூட்டி ஒன்று ஓடத் தொடங்கியதும் வீடு முழுக்க இருளும். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, சார்ஜரை 16 அம்பியருக்குக் குறைத்து வைப்பது. மற்றது, மூன்று பேஸ் 30 அம்பியருக்கு விண்ணப்பிப்பது.

16 அம்பியரை ஏளனமாக நினைக்க வேண்டாம். நேரத்துக்கேற்ற கட்டண முறையில் மலிவான நேரம் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை, ஏழு மணித்தியாலம். 3.7 கிலோவாட் வீதம் 26 அலகு. சார்ஜ் ஆகும்போது சுமார் பத்து வீதம் வெப்பமாகப் போகும் என்று வைத்தால் பற்றரிக்குள் 23 அலகு. 100 கி.மீ.க்கு 20 அலகு குடிக்கும் கனமான ஸ்போர்ட்ஸ் கார் அதில் 115 கி.மீ. ஓடும். வத்தளையிலிருந்து கோட்டைக்குப் போய்வருபவருக்கு அது தாராளம். இந்தக் கட்டண முறைக்கு மாற மீற்றரை மாற்ற வேண்டும். ஒற்றை பேஸ் இணைப்புக்கு இது கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள், மூன்று பேஸுக்கு விண்ணப்பிப்பதென்றால் அப்போதே இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மூன்று பேஸ் எடுக்க முன் வண்டியின் உள் சார்ஜர் எந்த வகை என்று பாருங்கள். ஜப்பான் சந்தைக்குச் செய்த வண்டிகளின் உள் சார்ஜர் ஒற்றை பேஸ் மட்டுமே எடுக்கும். வீட்டில் மூன்று பேஸ் இருந்தாலும் ஒன்றிலிருந்துதான் இழுக்கும். மற்ற இரண்டு பேஸும் வீட்டுப் பாவனைக்கு மிஞ்சும் என்பது மட்டுமே லாபம்.

வயர் விஷயத்தில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். 32 அம்பியருக்கு 6 சதுர மி.மீ. செப்பு வயர் குறைந்தபட்சம். மீற்றரிலிருந்து தரிப்பிடம் வரை இருபது மீற்றருக்கு மேல் போகிறதென்றால் 10 சதுர மி.மீ. போடுங்கள். சார்ஜருக்குத் தனி பிரேக்கர், தனி ட்ரிப் சுவிட்ச் வேண்டும். வீட்டில் ஏற்கெனவே உள்ள ட்ரிப் சுவிட்ச் பெரும்பாலும் மாறு மின்னோட்டக் கசிவை மட்டும் உணரும் ஏசி வகை. வண்டியிலிருந்து சிறிது நேர் மின்னோட்டம் கசிந்தால் அதன் உள் இரும்பு வளையம் நிறைந்துபோய், பிறகு உண்மையான கசிவு வந்தாலும் விழாது. ஆளைக் காப்பாற்ற வேண்டிய சுவிட்ச் அங்கே பெயருக்கு நிற்கும். பி வகை போடுங்கள், அல்லது 6 மில்லி அம்பியர் நேர் மின் கசிவை உணரும் வசதி சார்ஜருக்குள்ளேயே இருக்கிறதா என்று உறுதி செய்து ஏ வகை போடுங்கள்.

அடுத்தது ஏர்த். பழைய வீடுகளில் ஏர்த் கம்பி துருப்பிடித்துப் பெயருக்கு இருக்கும். பிரிட்ஜும் டீவியும் அதைக் காட்டிக் கொடுக்காது, கார் சார்ஜர் முதல் நாளே சிவப்பு விளக்குப் போட்டு மறுத்துவிடும். சார்ஜர் பழுது என்று திருப்பிக் கொடுக்கப்படுபவற்றில் பல இந்த வகைதான். மின்னியலாளரிடம் ஏர்த் தடையை அளக்கச் சொல்லுங்கள், 10 ஓமுக்குக் கீழ் வர வேண்டும். சாதாரண 13 அம்பியர் சுவர்ப் பிளக்கில் இரவு முழுக்க சார்ஜ் போடுவதானால் 10 அம்பியரைத் தாண்ட வேண்டாம். ஒரு மணித்தியாலம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே திருகு தளர்ந்திருக்கிறது.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளில் இருப்பவர்கள் வண்டிக்கு முற்பணம் கட்ட முன் நிர்வாகக் குழுவின் எழுத்து அனுமதியைக் கையில் எடுங்கள். உங்கள் சொந்த மீற்றரிலிருந்து உங்கள் தரிப்பிடத்துக்கு வயர் வருமா என்பதே அங்கே கேள்வி. பொது மீற்றரில் எடுத்து மாதம் மாதம் கணக்குப் பார்ப்பது கட்டாயம் சண்டையில் முடியும்.

பிளக்

ஒரே பெயருள்ள வண்டி, செய்த சந்தையைப் பொறுத்து வெவ்வேறு பிளக்கோடு வரும். ஜப்பானிலிருந்து வரும் டைக்கானுக்கும் அயோனிக் 5 என்னுக்கும் வேகச் சார்ஜ் சாடெமோ, சாதாரண சார்ஜ் டைப் 1. பிரித்தானியாவிலிருந்து வந்தால் சிசிஎஸ் 2, டைப் 2. இங்கே பழைய வேகச் சார்ஜர்கள் லீஃப் காலத்தில் போட்டவை, அதனால் சாடெமோ கிடைக்கும். புதிதாக வருபவை சிசிஎஸ் 2 பக்கமே சாய்கின்றன. புதுப்பிக்க முன் வந்த 800 வோல்ட் டைக்கான் சரியான சிசிஎஸ் சார்ஜரில் 270 கிலோவாட் வரை விழுங்கும். அதே வண்டியை 50 கிலோவாட் சாடெமோவில் மாட்டினால் அந்தக் கெட்டித்தனத்துக்கு வேலையே இல்லை. பத்து வருடம் வைத்திருக்கும் எண்ணம் என்றால் பிரித்தானிய வண்டியை எடுங்கள் என்பதே எங்கள் ஆலோசனை. வேகமானி மைலில் இருக்கும், அதைத் திரையில் மாற்றிக்கொள்ளலாம்.

பாரம்: இங்கேதான் உண்மையான விவாதம்

டைக்கான் டர்போ எஸ் 2,295 கிலோ. இரட்டை மோட்டர் சைபர்ஸ்டர், இருவர் மட்டும் அமரும் திறந்த வண்டி, அது 1,985 கிலோ. நம் பையன்கள் விரும்பி ஓட்டும் சுசுக்கி சுவிஃப்ட் ஸ்போர்ட் ஜப்பான் வகை 970 கிலோ. 100 கி.மீ. வேகத்தில் வரும் 2,200 கிலோ வண்டியை நிறுத்த, 1,050 கிலோ எம்எக்ஸ்-5ஐ நிறுத்துவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சக்தியை பிரேக்கும் டயரும் தின்ன வேண்டும். மோட்டர் எவ்வளவு பலமானதாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

அதற்காகப் பாரத்தையே குறையாகச் சொல்வதும் சரியல்ல. பற்றரி தரையோடு படுத்திருப்பதால் வளைவில் உடல் சாய்வு குறைவு. நின்ற இடத்திலேயே முழு முறுக்குவிசையும் கிடைக்கும். காலி வீதியில் விளக்கு பச்சையானதும் 50ஐ எட்டும் அந்த ஒன்றரை விநாடிச் சுகத்துக்கு, கியர் தேடும் எந்தப் பெற்றோல் வண்டியும் ஈடில்லை. அந்த வேகங்களில் பெற்றோல் ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின் இன்னும் தூக்கக் கலக்கத்தில் இருக்கும். நெரிசலில் கிளட்ச் கால் நோகாது, எஞ்சின் சூடு ஏறாது. கொழும்பு அன்றாடத்துக்கு மின்சாரம் வெல்கிறது, இதில் எங்களுக்குச் சந்தேகமில்லை.

தோற்பது ஓட்டப் பாதையிலும் மலையிலும். களுத்துறை கட்டுக்குறுந்தை போன்ற இடத்தில் சராசரி 100 கிலோவாட் இழுத்து இருபது நிமிடம் ஓட்டினால் 33 அலகு போய்விடும். அங்கே திரும்ப ஏற்ற வசதியில்லை. அதற்கு முன்பே பற்றரி சூடாகி, வண்டி தானாக வலுவைக் குறைத்துவிடும். நம் 30 பாகைப் பகல் அதை இன்னும் முன்னதாகக் கொண்டுவரும். இந்தக் குறையை நேர்மையாகத் தீர்க்க முயன்ற வண்டி அயோனிக் 5 என். முன்பக்க பிரேக் தட்டு 400 மி.மீ., ஓட்டப் பாதைக்கென்று பற்றரியை முன்கூட்டியே குளிர வைக்கும் நிலை, எட்டு கியர் இருப்பதுபோல மோட்டரை வெட்டி ஓட வைக்கும் மென்பொருள். அந்தப் போலிக் கியரைச் சிரித்து ஒதுக்குபவர்கள் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வளைவுக்கு முன் எந்த வேகத்தில் இருக்கிறோம் என்பதைக் காது சொல்லித் தருவது எவ்வளவு பெரிய உதவி என்று விளங்கும்.

கையால் கியர் மாற்றுவதே உயிர், வருடத்தில் சில நாள் கார் மலையேற்றப் போட்டிக்கும் போவேன் என்பவர் இன்றைக்கு இலகுவான பெற்றோல் வண்டியை விட வேண்டாம். 2008இல் வந்த முதல் டெஸ்லா ரோட்ஸ்டர், லோட்டஸ் எலிஸை அடியாக வைத்து, 53 அலகு பற்றரியோடு சுமார் 1,300 கிலோவில் நின்றது. அந்தப் பாரத்தில் புதிய மின்சார ஸ்போர்ட்ஸ் கார்கள் வரிசையாக வரும் நாளில் இந்தப் பந்தியை மாற்றி எழுதலாம்.

இடையில் ஒரு வழி அபார்த் 500இ. 42 அலகு பற்றரி, 114 கிலோவாட் மோட்டர், 1,410 கிலோ, 100ஐ எட்ட 7 விநாடி. வலக்கைச் சுக்கானோடு கிடைக்கும். கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் திரும்பும். வரியிலும் இதற்கு ஓர் அனுகூலம் உண்டு. இங்கே மின்சாரக் காரின் உற்பத்தித் தீர்வை மோட்டரின் கிலோவாட்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது, படி ஏற ஏற ஒரு கிலோவாட்டுக்கான வீதமும் ஏறும். 200ஐத் தாண்டியவை உச்சப் படியில் விழும். இரட்டை மோட்டர் வண்டிக்கு இரண்டின் கூட்டுத்தொகை எவ்வளவென்று காட்டியிருக்கிறார்கள் என்பதைச் சுங்கப் பத்திரத்தில் பாருங்கள். 2025இல் மோட்டர் வலு பற்றிய சர்ச்சையால் வண்டிகள் சுங்கத்திலேயே தடுத்து வைக்கப்பட்டன. வீதங்களுக்கு ஓடர் போடும் வாரத்தின் வர்த்தமானியை மட்டும் நம்புங்கள்.

மலையும் யாழ்ப்பாணமும்

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். ஆட்களோடு 2,300 கிலோ வண்டியை அங்கே தூக்கிவைக்க, வழமையான ஓட்டச் செலவுக்கு மேலாக சுமார் 12 அலகு வேண்டும். இறங்கும்போது அதில் நல்ல பங்கு திரும்பிவரும், ஆனால் பற்றரியில் இடம் இருந்தால்தான். மேலே ஹோட்டலில் 100 வீதம் ஏற்றிவிட்டு றம்பொடைப் பக்கம் இறங்கினால் மோட்டர் பிரேக் வேலை செய்யாது, இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட பாரம் முழுவதும் சாதாரண பிரேக்கில் தொங்கும். பிரேக் நாறத் தொடங்கும். மேலே 70 வீதத்தோடு நிறுத்துங்கள்.

யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 400 கி.மீ. 100க்கு 18 அலகு என்றாலும் 72 அலகு. 77 அலகு பற்றரியோடு ஒரே மூச்சில் போவது பந்தயம் கட்டுவதற்குச் சமம். அநுராதபுரம், வவுனியாப் பக்கம் ஒரு தடவை நிறுத்தும் திட்டத்தோடு புறப்படுங்கள். புறப்பட முன் சார்ஜர் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து, இன்றைக்கு வேலை செய்கிறதா, எந்தப் பிளக், எத்தனை கிலோவாட் என்ற மூன்றையும் கேளுங்கள். செயலியில் பச்சை விளக்கு எரிவது போதாது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வரிசை இருக்கும். வேகச் சார்ஜர் கைவிட்டால் 7 கிலோவாட்டில் 40 அலகு ஏற்ற ஆறு மணித்தியாலம் போகும், அதற்கேற்ற இடத்தில் நிற்கப் பாருங்கள்.

இரண்டாம் கை வண்டியைச் சோதிப்பது

20 வீதத்தில் இருக்கும்போது வேகச் சார்ஜருக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். 60 வீதம் வரை ஏற்றி, சார்ஜர் திரையில் எத்தனை அலகு போனது என்று குறியுங்கள். 40 வீதத்துக்கு 33 அலகு என்றால் முழுப் பற்றரி ஏறத்தாழ 82 அலகு. குளிரூட்டும் செலவுக்காக அதில் நாலைந்து வீதம் கழித்து, புதிதில் இருந்த பாவிக்கக்கூடிய அளவோடு ஒப்பிடுங்கள். 93.4 அலகு என்று விற்கப்பட்ட டைக்கானில் பாவிக்கக்கூடியது 83.7தான், பெரிய இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம். லித்தியம் இரும்பு பொஸ்பேட் பற்றரி என்றால் வீதக் கணிப்பே பிழைக்கும் என்பதால், முதல் நாள் 100 வரை ஏற்றச் சொல்லிவிட்டுச் சோதியுங்கள்.

வண்டியின் கணினியை வாசிக்கும் ஓபிடி கருவி மாட்டி, மிகக் கூடிய செல்லுக்கும் மிகக் குறைந்த செல்லுக்கும் உள்ள வோல்ட் வித்தியாசத்தைப் பாருங்கள். வண்டி நிற்கும்போது 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. ஒரே செல் எப்போதும் பின்தங்கினால் அந்த மொடியூல் சாகிறது. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் எல்லாம் கிடைக்கும் என்ற நம்பிக்கையை இந்த விஷயத்தில் மட்டும் விடுங்கள்.

சேசிஸ் இலக்கத்தை வைத்து மீளழைப்பு வேலைகள் முடிந்தனவா என்று கேளுங்கள். டைக்கானில் பற்றரி மொடியூல் உள்குறுக்குச் சுற்று, முன் பிரேக் குழாய் வெடிப்பு. ஹூண்டாயில் 12 வோல்ட் பற்றரியை ஏற்றும் ஐசிசியூ. இவை உலகம் முழுக்க அறிவிக்கப்பட்டவை. முகவர் ஊடாக வராத வண்டிக்கு இதை யார் செய்வார் என்பதை வாங்க முன் தீர்மானியுங்கள். 8 வருடப் பற்றரி உத்தரவாதமும் வண்டி முதலில் விற்கப்பட்ட நாட்டோடு நின்றுவிடுவதே வழக்கம்.

பிறகு தூக்கியில் ஏற்றுங்கள். பற்றரியில் அல்ல, ஓரத்து ஜாக் புள்ளிகளில் றப்பர் கட்டை வைத்துத் தூக்கத் தெரிந்த கராஜாக இருக்க வேண்டும். பற்றரித் தட்டில் கீறல் பரவாயில்லை, பள்ளம் ஆகாது. செம்மஞ்சள் வயர்களின் இணைப்பில் பச்சைப் பூச்சு, இருக்கைத் தண்டவாளத்துக்குள் நுண்ணிய சேறு, பெல்ட்டை முழுக்க இழுத்தால் தெரியும் தண்ணீர்க் கோடு: இவற்றில் ஒன்று இருந்தாலும் வெள்ளத்தில் நின்ற வண்டி. 2025 நவம்பர் டித்வா வெள்ளத்துக்குப் பிறகு களனி ஆற்றுப் பக்கம் நின்ற வண்டிகள் கழுவித் துடைத்துச் சந்தைக்கு வரும். விலை எவ்வளவு இறங்கினாலும் தொட வேண்டாம்.

மரைன் டிரைவ் ஓரமாக நின்ற வண்டியில் பிரேக் தட்டுகளைப் பாருங்கள். அன்றாட பிரேக்கில் பெரும்பகுதியை மோட்டரே செய்துவிடுவதால் தட்டு தேயாது, உப்புக் காற்றில் துரு குழி விழும். வாரம் ஒருமுறை, பின்னால் யாரும் இல்லாத இடத்தில், 60இலிருந்து ஐந்தாறு தடவை அழுத்திப் பிடித்து நிறுத்தினால் தட்டு சுத்தமாகும். பிரேக் எண்ணெய் நம் ஈரப்பதத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் போகக் கூடாது.

டயரின் பக்கத்தில் எக்ஸ்எல் அல்லது எச்எல் என்று இருக்கிறதா பாருங்கள். பாரம் தாங்காத மலிவு டயர் குழியில் விழுந்ததும் பக்கம் வீங்கும். உள்ளே நுரை ஒட்டிய டயரை ஒட்டுப் போடத் தெரியாத கடை கெடுத்துவிடும். ஓட்டை உள்ள இடத்தில் நுரையை வெட்டி, ரப்பரைச் சுரண்டிச் சுத்தமாக்கி, உள்ளிருந்து காளான் வடிவ ஒட்டுப் போட வேண்டும். உதிரிச் சில்லு இந்த வண்டிகளில் இல்லை, எனவே பிளாட்பெட் லொறி வைத்திருப்பவரின் இலக்கத்தைத் தொலைபேசியில் போட்டு வையுங்கள். கயிறு கட்டி இழுக்கக் கூடாது, சில்லு சுழன்றால் மோட்டரும் சுழன்று மின்சாரம் பிறக்கும்.

காப்புறுதிப் பத்திரத்தில் பற்றரி அடிப்பக்க மோதல், வெள்ளம் என்ற இரண்டு சொற்களும் எழுத்தில் இருக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தில் நீங்கள் அளந்த அலகுக் கணக்கு, ஓபிடி வாசிப்பு, இரண்டு சாவி, சார்ஜ் வயர் ஆகியவற்றைத் திகதியோடு எழுதி, விற்பவரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு மிகுதிப் பணத்தைக் கொடுங்கள்.